படிக்கும் முன்பே ஓகே

சாம்பல் நிறத்தில் ஒரு சிறிய பெட்டி. இடப்பக்கம் மஞ்சள் முக்கோணம், அதற்குள் ஓர் ஆச்சரியக்குறி, கீழே ஓகே என்றொரு பொத்தான். இரண்டாயிரங்களின் நடுவில் பிரவுசரில் ஓடும் நிரலை எழுதிய எனக்கு அதைவிட்டால் வேறு துணை இல்லை. நிரலை வரிவரியாக நிறுத்திப் பார்க்கும் வசதி இன்று பிரவுசருக்குள்ளேயே இருக்கிறது. அன்று நான் அறிந்த வழி ஒன்றுதான். சந்தேகமான வரிக்குக் கீழே இப்படியொரு பெட்டியை எழவைத்து, அந்த இடத்தில் கணக்கு என்னவாக இருக்கிறது என்று எட்டிப் பார்க்க வேண்டும். பெட்டி எழுந்தால் நிரல் அதுவரை வந்துவிட்டது. எழாவிட்டால் அதற்கு மேலே எங்கோ விழுந்து கிடக்கிறது. அந்தப் பெட்டியை நினைத்தால் இப்போதும் எனக்கு முதலில் எரிச்சல் வரும். அடுத்து பேக்கிங் அண்ணாச்சி வருவார்.

அவர் தூத்துக்குடிப் பக்கத்திலிருந்து குடும்பத்தோடு திருப்பூருக்கு வந்தவர். நாங்கள் வேலை பார்த்த பனியன் கம்பெனியில் பேக்கிங் பிரிவு அவர் பொறுப்பில் இருந்தது. கம்ப்யூட்டர் பிரிவு என்று சொல்ல நான் ஒருத்திதான். லாரியில் ஏறும் அட்டைப்பெட்டிகளை நிறவாரியாக அண்ணாச்சி அடித்தால், மொத்தத்தைக் கூட்டி கேட் பாஸ் அச்சிடும் ஒரு பக்கத்தை எழுதிக் கொடுத்திருந்தேன். கேட் பாஸில் மொத்தம் மட்டுமே வரும். வாட்ச்மேன் லாரியில் எண்ணிப் பார்த்து, இரண்டும் ஒத்தால்தான் கேட்டைத் திறப்பார்.

சில நாட்கள் ஒத்தது, சில நாட்கள் ஒக்கவில்லை. நிரல் எழுதுகிறவரை இதைவிட வதைப்பது வேறில்லை. எப்போதும் தப்பாக இருந்தால் பிடித்துவிடலாம். கேட்டில் லாரி நிற்கும், ஹாரன் அடிக்கும், அண்ணாச்சி போன் செய்வார். நான் மாடியிலிருந்து இறங்கி ஓடுவதற்குள் அடித்ததையெல்லாம் அழித்திருப்பார்.

“என்ன அடிச்சீங்க அண்ணாச்சி?”

“வழக்கம்போலத்தான் அடிச்சேன் தங்கச்சி. ஒம் பொட்டி கூட்ட மாட்டேங்கு.”

அந்த ‘வழக்கம்போலத்தான்’ என்ற சொல்லை எத்தனை முறை கேட்டிருப்பேன்! அவர் சொல்லச் சொல்ல அதே எண்களை நானே அவர் முன்னால் அடிப்பேன். சரியாகக் கூட்டும். “நீ அடிச்சா கூட்டுது, நான் அடிச்சா கூட்ட மாட்டேங்கு. அதுக்கும் ஆள் பாத்து வேலை செய்யச் சொல்லிக் குடுத்திருக்கியா?” என்பார். பேக்கிங் பெண்கள் வாயைப் பொத்திக்கொண்டு சிரிப்பார்கள்.

மேனேஜர் சிரிக்கவில்லை. “ஏனுங்க அம்மிணி, இன்னொருக்கா லாரி நின்னுச்சுன்னா இத மூடிப்போட்டு கோயமுத்தூர் சாஃப்ட்வேர்காரங்ககிட்டக் குடுத்தர்றனுங்க. நீங்க பழையபடி டைப்பிங்கே பாருங்க” என்றார். மரியாதைக்கு ஒரு குறையும் இல்லை. டைப்பிங்கில் சேர்ந்து, வேலை முடிந்த பிறகு நானாகக் கற்று, கெஞ்சி வாங்கிய வேலை அது. அது போனால் திரும்பக் கிடைக்காது என்று எனக்குத் தெரியும்.

அன்றே கூட்டலுக்கு முன்னால் ஒரு பெட்டி வைத்தேன். அடித்த எழுத்துகள் அப்படியே தெரிய வேண்டும். முன்னும் பின்னும் வெற்றிடம் ஒட்டியிருந்தாலும் பிடிபட வேண்டும். அதற்காக மதிப்பின் இருபுறமும் அடைப்புக்குறி போட்டேன். அண்ணாச்சியை உட்காரவைத்துப் பின்னால் நின்றேன். அவர் அடித்தார், பெட்டி எழுந்தது, நான் குனிவதற்குள் என்டரைத் தட்டிவிட்டார். அடுத்த பெட்டி எழுந்தது. அதையும் தட்டினார்.

“படிக்க விடுங்க அண்ணாச்சி!”

“அதுல என்ன இருக்கு படிக்க? ஓகேன்னுதான போட்டிருக்கு?”

மறுபடி அடிக்கச் சொன்னேன். பெட்டி எழுந்ததும் அவர் மணிக்கட்டைப் பிடித்துவிட்டேன். திகைத்துப்போய்க் கையை அந்தரத்திலேயே வைத்திருந்தார். பெட்டிக்குள், அடைப்புக்குறிகளுக்கு நடுவே, பூஜ்ஜியம் எட்டு என்றிருந்தது.

நான் அடித்துப் பார்த்தபோதெல்லாம் எட்டு என்று மட்டுமே அடித்திருக்கிறேன். அவர் ஒற்றை இலக்கத்துக்கு முன்னால் பூஜ்ஜியம் சேர்ப்பவர். “சும்மா எட்டுன்னு விட்டா எவனாவது முன்னால ஒண்ணப் போட்டு பதினெட்டாக்கிருவாம்லா? சலான் எழுதுற காலத்துல இருந்தே அப்படித்தான்” என்றார். பேனாவில் வந்த பழக்கம் கீபோர்டிலும் தொடர்ந்திருக்கிறது. அன்றைய பிரவுசரோ, பூஜ்ஜியத்தில் தொடங்கும் எழுத்தை எண்ணாக மாற்றும்போது எட்டின் அடிப்படையில் எண்ணும். அந்த எண்முறையில் ஏழோடு இலக்கம் முடிந்துவிடும். ஒரு நிறத்தில் ஏழு அட்டைப்பெட்டி வரை சரியாக வரும். எட்டும் ஒன்பதும் மட்டும் சத்தமில்லாமல் பூஜ்ஜியமாகிவிடும். மாற்றும் கட்டளைக்குள் ஒரு காற்புள்ளியும் பத்தும் சேர்த்து, பத்தின் அடிப்படையில் எண்ணு என்று சொல்லிவிட்டால் போதும். சேர்த்தேன். அதன் பிறகு கேட்டில் லாரி நிற்கவில்லை. “ஒரு பத்துப் போடறதுக்குங்களா இத்தன பாடு?” என்று மேனேஜர் கேட்டார். வேலை என்னிடமே இருந்தது, அதுவே அவருடைய பாராட்டு என்று எடுத்துக்கொண்டேன்.

அதற்குப் பிறகு எந்தப் பக்கத்தையும் நானே சோதித்து ஒப்படைத்ததில்லை. அதைப் பயன்படுத்தப்போகிறவரை உட்காரவைத்து, வாயை மூடிக்கொண்டு அவர் கைகளைப் பார்ப்பேன். இன்றைய பிரவுசர்கள் பூஜ்ஜியம் எட்டை எட்டாகவே படிக்கின்றன. இந்தப் பத்து எதற்கு மேடம் என்று புதிதாக வந்தவர்கள் கேட்கிறார்கள். இருக்கட்டும் என்கிறேன்.

போன வாரம் மின்கட்டணம் கட்ட ஓர் இணையப் பக்கத்தைத் திறந்தேன். ஏதோ ஒரு சிறிய பெட்டி எழுந்தது. ஓகே அழுத்தினேன், பக்கம் வெறுமையானது. உதவி எண்ணைக் கூப்பிட்டேன். ஒரு பெண் பொறுமையாக, “பெட்டியில் என்ன எழுதியிருந்தது மேடம்?” என்று கேட்டாள். படிக்கவில்லை என்று ஒப்புக்கொண்டேன். “சரி, அதற்கு முன்னால் என்ன அடித்தீர்கள்?”

“வழக்கம்போலத்தான்” என்றேன். மறுமுனையில் அவள் மூச்சை இழுத்து அடக்கிக்கொண்டது எனக்கு நன்றாகக் கேட்டது.