சுவிட்சைத் தொடாத வீடு

எங்கள் வீட்டு ஹாலில் ஒரு ஜோடி காக்கடீல் இருக்கிறது. மகள் கல்லூரியில் படித்தபோது ஆசைப்பட்டு வாங்கியது. "அம்மா, காக்கடீல் வாங்கிட்டு வாரேன்" என்று அவள் போனில் சொன்னது, பக்கத்தில் நின்ற என் வீட்டுக்காரர் காதில் காக்டெயில் என்று விழுந்துவிட்டது. பிள்ளை குடிக்க ஆரம்பித்துவிட்டாள் என்று தலையில் கை வைத்து உட்கார்ந்துவிட்டார். தலையில் கொண்டையும் கன்னத்தில் ஆரஞ்சுப் பொட்டுமாக ரெண்டு சாம்பல் நிறக் கிளிகள் வந்து இறங்கிய பிறகுதான் மனுஷனுக்கு உயிர் வந்தது. அப்புறம் அவளுக்குச் சென்னையில் வேலை கிடைத்தது. சீப்பு, கண்ணாடி வரைக்கும் பார்த்துப் பார்த்து எடுத்து வைத்தவள், கிளிகளை மட்டும் எங்கள் தலையில் கட்டிவிட்டுப் போனாள்.

ஆண் சரியான வாயாடி. குக்கர் விசில் மாதிரி கத்தி என்னை அடுப்படிக்கு ஓட வைப்பதில் அதற்கு அப்படி ஒரு சந்தோஷம். பெட்டை சாது. கூண்டுப் பக்கம் போய் நின்றால் தலையைக் குனிந்து, சொறிந்துவிடு என்று காட்டும். மகள் போனதற்கப்புறம் வீட்டில் என்னிடம் வந்து கொஞ்சுகிற ஒரே ஜீவன் அதுதான். அது எனக்கு ரொம்பப் பிடிக்கும். இதில் ஒளிக்க ஒன்றும் இல்லை.

அந்தப் பெட்டைக்குத்தான் தீபாவளி சீசன் நேரத்தில் அந்தக் கோளாறு வந்தது. ஊர் அடங்கின பிறகு, நல்ல தூக்கத்தில் இருக்கும்போது, திடீரென்று கூண்டுக்குள் தடதடவென்று அடித்துக்கொள்ளும். கம்பியில் மோதும், கீழே விழும், மறுபடி மோதும். விடிந்து பார்த்தால் தரையெல்லாம் இறகு. ஒரு நாள் கூண்டுக் கம்பியில் ரத்தம் தெறித்திருந்தது. இறக்கை ஓரம் அங்கங்கே சொட்டையாகியிருந்தது.

மகளிடம் சொன்னால், சிவகாசிப் பக்கம் கிளி வளர்த்தால் வெடிச் சத்தத்துக்குப் பயப்படாமல் என்ன செய்யும் என்று கேட்டாள். எனக்குக் கோபம் வந்துவிட்டது. சாயங்காலம் எதிர்க் காட்டில் பட்டாசுக் கம்பெனிக்காரர்கள் சாம்பிள் வெடி போட்டுப் பார்ப்பார்கள். ஜன்னல் கண்ணாடி அதிரும். இவை ரெண்டும் தினையைக் கொறித்துக்கொண்டு, பக்கத்து வீட்டில் யாரோ தும்மினதுபோல் உட்கார்ந்திருக்கும். இந்த ஊரில் பொரித்த குஞ்சுக்கு வெடி ஒரு பொருட்டா? அவள் சென்னைக்குப் போய் எல்லாவற்றையும் மறந்துவிட்டாள்.

பக்கத்து வீட்டு மதினி வந்து பார்த்தாள். புள்ள எதையோ பார்த்துப் பயந்திருக்கு என்று முடிவுகட்டி, அவளே போய்க் கயிறு மந்திரித்து வாங்கி வந்து கூண்டில் கட்டினாள். பொழுது சாய்வதற்குள் வாயாடி அந்தக் கயிற்றை நார் நாராகக் கடித்துத் துப்பிவிட்டது. பாதி உள்ளே போயிருக்கும், அதனால் பலன் ஜாஸ்தி என்று மதினி சொன்னாள். அவளிடம் யார் பேசி ஜெயிப்பது.

என் வீட்டுக்காரர் பட்டாசுக் கம்பெனியில் போர்மேன். அவருடைய வைத்தியம், கனத்த போர்வையால் கூண்டை நாலு பக்கமும் மூடுவது. நல்லா இருட்டா இருந்தால் நல்லாத் தூங்கும் என்பார். ஆனால் கூண்டுக்குள் சத்தம் கேட்டுவிட்டால் அவர் வீட்டில் இருக்க மாட்டார். கண் முழிப்பதற்கு முன்னாலேயே கால் ஓடிவிடும். கிரில் கேட் டமாரென்று சுவரில் போய் அடிக்கும். ஆள் ரோட்டோர வேப்பமரத்தடியில், அவிழ்ந்த லுங்கியைக் கையில் பிடித்துக்கொண்டு நிற்பார்.

பல வருஷத்துக்கு முன்னால் அவர் வேலை பார்த்த கம்பெனியில் அடுத்த அறை வெடித்தது. திரும்பிப் பார்க்காமல் ஓடினார், பிழைத்தார். அன்றைக்கு ஓடியதால்தான் இன்றைக்கு என்னிடம் திட்டு வாங்க ஆள் இருக்கிறார். இது எனக்குத் தெரியாதா? இருந்தாலும் வாய் சும்மா இருக்காது. "கட்டின பொண்டாட்டிய உள்ள விட்டுட்டு ஓடுறீகளே, இது நல்லா இருக்கா?" என்று கேட்டேன். நீயும் பின்னாலேயே வருவேன்னு நினைச்சேன் என்றார்.

நான் என்ன செய்தேன் என்கிறீர்களா? நான் தைரியசாலி. இருட்டில் தடவித் தடவிக் கூண்டுக்குப் போய், போர்வையை உருவி, கையை உள்ளே விட்டுக் கிளியைப் பிடிக்கப் பார்ப்பேன். அது இன்னும் ஆவேசமாக அடித்துக்கொள்ளும்.

ரத்தம் ரெண்டாவது தடவை வந்தபோது, பெட்டையை ஓட்டை போட்ட கூடையில் வைத்து, விருதுநகர் பஸ் ஏறினோம். அங்கே ஒரு கால்நடை டாக்டர், பறவைகளும் பார்ப்பார் என்று விசாரித்து வைத்திருந்தேன். டாக்டரம்மா சின்ன வயசு. இறக்கையை விரித்துப் பார்த்தார். புதிதாக முளைக்கிற இறகுக்குள்ளே ரத்தம் ஓடும், அது ஒடிந்தால் குழாய் உடைந்த மாதிரி ரத்தம் போகும் என்றார். ஒடிந்த இடத்தைச் சுத்தம் பண்ணி, சோள மாவை வைத்து அழுத்தினார்.

"இப்ப வரிசையா முளைச்சு வருது. இது முத்துற வரைக்கும் மறுபடி ஒடியக் கூடாது. இன்னொரு தடவ இப்படி ரத்தம் போனா இந்த உடம்பு தாங்காது."

அவர் சொல்லி முடித்ததும் எனக்குக் கண்ணில் தண்ணீர் கட்டிக்கொண்டது. கூண்டு எங்கே இருக்கிறது என்று கேட்டார். ரோட்டு வளைவுப் பக்க ஜன்னலோரம், ராத்திரியெல்லாம் பட்டாசு லாரி போகும் என்றேன். லோடு ஏற்றின லாரிகள் ராத்திரியில் வளைவு திரும்பும்போது ஹெட்லைட் சுவரெல்லாம் ஓடும், அந்த நிழல் அசைவே போதும், இந்த ஜாதிக் கிளி அரண்டுவிடும் என்றார். அப்புறம் சாதாரணமாகத்தான் கேட்டார், "அடிச்சுக்கிட்டதும் லைட்டப் போட்டீகளா?"

எங்கே போட்டோம்? இத்தனை நாளில் ஒரு நாள்கூட லைட்டைப் போடவில்லை.

என் வீட்டுக்காரர் நெஞ்சை நிமிர்த்திச் சொன்னார், "சத்தம் கேட்டா சுவிட்சத் தொடக் கூடாதுல்ல மேடம்."

எங்களுக்கு அது ரத்தத்தில் ஊறியது. நானும் லேபிள் ஒட்டுகிற வேலைக்குப் போகிறவள்தான். வேலைக்குச் சேர்ந்த அன்றைக்கே சொல்லிக்கொடுப்பது அது: சந்தேகமாகச் சத்தமோ வாடையோ வந்தால் சுவிட்சில் கை வைக்காதே, ஒரு பொறி போதும். எங்கள் பக்கம் மருந்து என்றால் மாத்திரை இல்லை, வெடிக்குள் அடைக்கிற கலவை. டாக்டரம்மாவும் இந்த மாவட்டத்துக்காரர்தான் போல. எங்களைப் பார்த்து மெதுவாகக் கேட்டார், "உங்க வீட்டு ஹால்ல என்ன மருந்து வச்சிருக்கீக?"

"மருந்தா? தினைதான் மேடம் இருக்கு" என்றார் என் வீட்டுக்காரர்.

இருட்டில் இந்தக் கிளிக்குக் கண் தெரியாது, எது கம்பி எது குச்சி என்று தெரியாமல் மோதுகிறது, லைட்டைப் போட்டால் தானே அடங்கிவிடும் என்று டாக்டரம்மா சொல்லிக்கொடுத்தார். ராத்திரி முழுக்க ஒரு ஜீரோ வாட்ஸ் பல்ப் எரிய வேண்டும், போர்வையில் ஒரு பக்கம் திறந்திருக்க வேண்டும், கூண்டை ஜன்னலை விட்டு நகர்த்த வேண்டும். திரும்பி வரும்போது பஸ்ஸில் எனக்கு அடக்க முடியாமல் சிரிப்பு. கூடையை மடியில் வைத்துக்கொண்டு கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை.

"அன்னைக்குத் தொடாம ஓடினதுனாலதான் நான் இருக்கேன்" என்றார்.

கூண்டை ஜன்னலை விட்டு நகர்த்தி, நாங்கள் படுக்கிற ஹாலிலேயே பல்ப் மாட்டினோம். வெளிச்சத்தில் எவன் தூங்குவான் என்று முணுமுணுத்துக்கொண்டு அவர் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார். பெட்டை அமைதியாகத் தூங்கியது. இறக்கையில் புது இறகுகள் உறைக்குள் இருந்து வெள்ளை வெள்ளையாக நீட்டிக்கொண்டு வந்தன. திரி மாதிரி இருக்கு என்றார் அவர். அவருக்கு வேறு எந்த உவமை வரும்? வேலை விட்டு வந்ததும் சட்டையைக் கழற்றி, குளித்து, கண்ணாடியை மாட்டிக்கொண்டு அந்தத் திரிகளைப் பார்ப்பது அவருக்கு வழக்கமாகிவிட்டது. எனக்கோ ஒவ்வொரு ராத்திரியும் பக் பக்கென்று இருக்கும். அவை முத்த வேண்டும், அவ்வளவுதான் எனக்கு வேண்டியது.

முத்துவதற்குள் ஒரு ராத்திரி பல்ப் பியூஸ் போய்விட்டது. தூக்கத்தில் யாருக்குத் தெரியும். கூண்டு தடதடவென்று அதிர்ந்தபோதுதான் முழித்தேன். ஒரே இருட்டு. அவர் காலடி ஓடுகிற சத்தம் கேட்டது. இனி கிரில் கேட் அடிக்கும், அந்தச் சத்தத்தில் இது இன்னும் மோதும், திரி எல்லாம் ஒடியும், என் கிளி போச்சு என்று நினைத்தேன்.

கேட் அடிக்கவில்லை. டக் என்று சுவிட்சுச் சத்தம் கேட்டது. எங்கள் வீட்டு டியூப் லைட் பழசு, ரெண்டு மூணு தடவை மினுக்கிவிட்டுத்தான் எரியும். அந்த மினுக்கலில் அவரைப் பார்த்தேன். ஒரு கை சுவிட்சில். முகத்தைத் தோளுக்குள் புதைத்து, கண்ணை இறுக மூடி, மறு கையால் காதைப் பொத்திக்கொண்டு நின்றார்.

லைட் நின்று எரிந்தது. பெட்டை கம்பியைப் பிடித்துத் தொங்கியது. வெளிச்சத்தில் குச்சி தெரிந்ததும் தாவி ஏறி, மூச்சு வாங்கிக்கொண்டு உட்கார்ந்தது. இறக்கையில் ஒரு பொட்டு ரத்தம் இல்லை. அவர் ஒரு கண்ணைத் திறந்தார். அப்புறம் மற்றதையும் திறந்தார்.

"ஒண்ணும் வெடிக்கல தாயி" என்றார் கிளியிடம். "ஒண்ணும் வெடிக்கல."

சுவிட்சில் இருந்து கையை எடுக்க அவருக்கு நேரமாயிற்று. நான் சிரிக்கவில்லை. போய்ப் பக்கத்தில் நின்றுகொண்டேன்.

பெட்டைக்கு இப்போது இறக்கை நிறைய இறகு. ஹாலில் பறந்து டிவி மேல் உட்கார்ந்து, அங்கேயே எச்சம் போட்டு, என்னிடம் திட்டும் வாங்குகிறது. சீசன் முடிந்து கை ஓய்ந்த பிறகு, பின் அறையை ஒழித்துக் கூண்டை அங்கே மாற்றினோம். பல்பையும் கழற்றி அங்கே மாட்டலாம் என்று ஸ்டூலில் ஏறினேன்.

"அது அங்கனயே கெடக்கட்டும்" என்றார் படுத்தபடியே.

"கிளி பின் ரூம்லதானங்க இருக்கு? அதுக்குத்தானே இந்த பல்பு?"

"அதுக்கு வேற வாங்கித் தாரேன்."

சுவர்ப் பக்கம் திரும்பிப் படுக்கிறவர், இப்போது பல்பைப் பார்த்தபடி படுத்திருந்தார். நான் ஸ்டூலை எடுத்து ஓரமாக வைத்துவிட்டு வந்து படுத்தேன்.