ஏலத்தில் போன இரட்டைத்தலைப் புறோச்

எங்கள் ஊர்ச் சனத்துக்குத் தங்கம் என்றால் கண் தெரியும். வேறு எதற்கும் தெரியாது. சேலையின் தோள்மடிப்பில் குத்துகிற பழைய புறோச் ஒன்றைக் கையில் கொடுத்துப் பாருங்கள். உள்ளங்கையில் வைத்துத் தராசு மாதிரி ஓர் ஆட்டு ஆட்டுவார்கள். பாரம் காணாது என்றால் முகம் வாடிவிடும். அதிலே ஒரு வண்ணத்துப்பூச்சி இருக்கும். அதன் மீசையை மயிர் போல இழுத்து, நுனியில் ஒரு பொட்டுக் கல்லும் வைத்திருப்பான் செய்தவன். அதை ஒருவரும் பார்ப்பதில்லை. "உது சும்மா சாமான்" என்று திருப்பித் தந்துவிடுவார்கள். அப்படிச் சும்மா சாமான் என்று தள்ளப்பட்டவை என்னிடம் ஒரு பிஸ்கற் ரின் நிறைய இருக்கின்றன.

நான் ஐந்தாம் வகுப்போடு நின்றவள். அதற்குப் பிறகு தெல்லிப்பழையில் கலியாணம் கட்டாத இரண்டு ரீச்சர்மாரின் வீட்டில், சேலை தோய்த்துக் கஞ்சி போட்டு மினுக்கிக் கொடுக்கிற வேலையில் இருந்தேன். இரண்டு பேரும் மிஷன் பள்ளிக்கூடத்தில் படித்து அங்கேயே படிப்பித்தவர்கள். ஞாயிற்றுக்கிழமை வேதக்கோயிலுக்குப் போகும்போது ஆளுக்கொரு புறோச் தோளில் இருக்கும். இளைய ரீச்சருடையது பீங்கான் ரோசாப்பூ. ஒருநாள் அதன் இதழ் ஒன்று உடைந்துபோய்விட்டது. "எறி" என்று என் கையில் தந்தார். நான் எறியவில்லை. என்னுடைய சேர்ப்பு அப்படித்தான் தொடங்கியது.

பிறகு சனம் ஒவ்வொன்றாகக் கொழும்புக்கும் வெளிநாட்டுக்கும் போகத் தொடங்கியது. போகிறவர்கள் நகையை எடுத்துக்கொண்டு, பொத்தானும் உடைந்த கண்ணாடியும் கிடக்கிற தகரப்பேணியை விட்டுவிட்டுப் போவார்கள். அந்தப் பேணிக்குள்தான் புறோச் கிடக்கும். "எறியப்போறன், வேணுமெண்டால் எடும்" என்பார்கள். எடுத்தேன். பெரிய தானம் செய்தவர்கள் போல முகத்தை வைத்துக்கொண்டு நிற்பார்கள். சண்டைக்கு நாங்கள் இடம்பெயர்ந்து சாவகச்சேரியில் ஒரு பள்ளிக்கூட மண்டபத்தில் படுத்துக் கிடந்த நேரம், பக்கத்துப் பாயில் இருந்த மனிசி ரின்னுக்குள் விசுக்கோத்து என்று நினைத்துத் திறந்து பார்த்துவிட்டு, என்னை விசரி, பைத்தியம் என்றாள். அவள் என்ன கொண்டுவந்தாள் என்று பார்த்தேன். கலியாண அல்பம். அந்தப் புருசன் அவளை விட்டுவிட்டு எப்போதோ போய்விட்டானாம்.

மூத்த ரீச்சரிடம் ஒரு புறோச் இருந்தது. அது மற்றவற்றைப் போல இல்லை. ஒரு மெல்லிய நீட்டு ஊசி, அதற்கு இரண்டு பக்கமும் தலை. ஒரு தலையைக் கழற்றலாம். கழற்றி, ஊசியைச் சேலை மடிப்புக்குள்ளால் ஓட்டி, மறுபக்கம் வெளியே வந்த நுனியில் அந்தத் தலையைத் திருப்பிச் செருகவேண்டும். ஊசி துணிக்குள் மறைந்துவிடும். தலைகள் இரண்டும் மட்டும் தனித்தனியாகப் பூத்துக்கொண்டு நிற்கும். அந்தக் காலத்து வெள்ளைக்காரப் பெண்டுகள் கழுத்துக்குக் கீழே ரேந்தைப் பின்னல் துணி தொங்கவிடுவார்களாம். அதில் குத்தச் செய்ததாம். அதற்கு ஜபோ பின் என்று பெயர் என்று பின்னாளில் என் தம்பியின் மகள் போனில் பார்த்துச் சொன்னாள். ரீச்சர் செத்தபோது இனசனம் வந்து வீட்டைத் துடைத்து எடுத்தது. அதுவும் போயிற்று. அப்படி ஒன்று என் கையில் வரவேண்டும் என்று நான் ஆசைப்பட்டது அன்றையிலிருந்துதான்.

இரண்டு வருசத்துக்கு முந்தி, எங்கள் சபையின் அறுப்பின் பண்டிகைக்கு அப்படி ஒன்று வந்தது.

அறுப்பின் பண்டிகை என்றால், வளவில் விளைந்ததைக் கோயிலுக்குக் கொண்டுவந்து வைத்து ஆராதனை முடிய ஏலம் போடுவது. ஆண்டவருக்கு நன்றி சொல்ல என்று பெயர். நான் பார்த்த மட்டில் அது வேலிச் சண்டையின் மறுபக்கம். ஏலம் கூறுகிற சபை மூப்பர் ஒரு பூசணிக்காயைத் தூக்குவார். கோபம் சாதிக்கிற இரண்டு வீட்டார் அதைப் பிடித்துக்கொண்டு விலையை ஏற்றுவார்கள். வென்றவர் பூசணிக்காயைத் தொடவும் மாட்டார். "திருப்பி ஏலத்தில விடுங்கோ மூப்பர்" என்று கையை வீசுவார். தனக்குப் பெரிய மனம் என்று காட்டுகிறாராம். கனடாவில் சாமத்தில் நித்திரை முழித்திருக்கிற ஒருவர் யாருடையவோ போனுக்குள்ளிருந்து முருங்கைக்காய்க் கட்டுக்குக் கேட்பார். அவர் அதைத் தின்னப் போகிறாரா? ஒலிபெருக்கியில் பெயர் கேட்டால் அவருக்கு வயிறு நிறைந்துவிடும். அந்தப் பூசணிக்காய் நாலு பேருக்கு விலைப்பட்டு, கடைசியில் போதகர் வீட்டு அடுப்படியில் அழுகும்.

அந்த வருசம், வீடு விற்றுவிட்டுப் போன ஒரு குடும்பம் ஒரு பெட்டி பழஞ்சாமான் ஏலத்துக்குக் கொடுத்திருந்தது. முதல்நாள் அதைத் தரம்பிரிக்க மச்சாளோடு நானும் போனேன். மச்சாள் என்றால் என் தம்பியின் பெண்சாதி. தம்பி இப்போது இல்லை. நாங்கள் இரண்டு பேரும் ஒரு வீட்டில் இருக்கிறோம். பெட்டிக்குள் கரண்டிகளுக்கு நடுவே அது கிடந்தது. ஒரு தலையில் பறக்கிற குருவி. மற்றத் தலையில் அது கொத்தப் போகிற பழக்குலை, ஒவ்வொரு பழமும் கடுகளவு பச்சைக் கல். துணியில் குத்தினால் குருவி பழத்தை நோக்கிப் பறக்கும். கையிலிருந்த கரண்டியைக் கீழே வைத்துவிட்டேன்.

"மச்சாள், நாளைக்கு உதை எனக்கு ஏலத்தில எடுத்துத் தாரும்."

"எதை? உந்தப் பல்லுக்குத்திற ஈர்க்கு மாதிரிக் கிடக்கிறதையோ? நீரே கேளுமன். உமக்கு வாய் இல்லையோ?"

"உந்தச் சனத்துக்கு முன்னாலை எனக்கு வராது."

"கிழவியாப் போனாப் பிறகும் வெக்கம்! சரி, சரி, நான் கேக்கிறன். ஏலத்தில கத்தாட்டில் எனக்கும் பண்டிகை செய்த மாதிரி இராது."

அடுத்தநாள் மூப்பர் அதைத் தூக்கினார். பூசணிக்காய் தூக்கிப் பழகிய கை. என்ன சாமான் என்று தெரியாமல் இரண்டு பக்கமும் பிடித்து ஓர் இழுவை இழுத்தார். பழக்குலைத் தலை கையோடு வந்துவிட்டது.

"ஐயோ, உடைஞ்சு போச்சு."

பின்வரிசை வாங்கிலிருந்து ஒரு குரல் வந்தது. "மூப்பற்றை கை பட்டால் கோயில் மணியும் உடையும்!"

சனம் சிரித்தது. மூப்பருக்கு ரோசம் வந்துவிட்டது. "உடையேல்லை, பெருகியிருக்கு! ஆண்டவர் பெருக்கின ஐந்தப்பம் மாதிரி. ரெண்டு சாமானா விடுறன் பாருங்கோ. முதலாவது, குருவி வைச்ச ஊசி!"

உடையவில்லை, கழற்றினால் கழலும், செருகினால் சேரும். இதைச் சொல்ல எவ்வளவு நேரம் எடுக்கும்? நான் குனிந்து மடியைப் பார்த்துக்கொண்டிருந்தேன். இந்தச் சனத்தை நான் ஒரு பொருட்டாக எண்ணுவதில்லை. ஆனால் அவர்கள் எல்லாரும் ஒன்றாகத் திரும்பிப் பார்ப்பார்கள் என்று நினைத்தவுடன் வாங்கை விட்டு எழும்பமாட்டேன். அதனால் என்னையும் அவர்களோடு சேர்த்து இழிவாகத்தான் எண்ணவேண்டியிருந்தது.

மச்சாள் கத்தினாள். எதிரே கேட்க ஆள் இல்லாதபோதும் தன்னுடைய விலைக்கு மேலே தானே இன்னொரு தரம் கேட்டு, எல்லாரையும் சிரிக்கவைத்துக் குருவியை எடுத்தாள். எடுத்து என் மடியில் போட்டுவிட்டுப் பக்கத்தில் இருந்தவளோடு கத்தரிக்காய் பற்றிக் கதைக்கத் தொடங்கிவிட்டாள்.

மூப்பர் பழக்குலையைத் தூக்கினார். நான் மச்சாளின் சேலையைப் பிடித்து இழுத்தேன்.

"என்ன இழுக்கிறீர்? வேண்டித் தந்தாச்சுத் தானே!"

"அதுவும்... அதுவும் வேணும்."

"எது? உந்த உடைஞ்ச துண்டோ? பேசாமல் இரும்."

ஒருதரம், இரண்டுதரம் என்று மூப்பர் சொல்லும்போதே முன்வரிசை வாங்கிலிருந்து ஒருத்தி கேட்டாள். லண்டனிலிருந்து லீவில் வந்து தாயோடு நிற்கிறவள். கறுப்புக் கண்ணாடியைத் தலைக்கு மேலே ஏற்றி வைத்திருந்தாள். "சோ கியூட்! சங்கிலியில பென்ரனாப் போடலாம்" என்றாள். மூன்றுதரம் என்று போயிற்று. பழக்குலை அவளுக்கு, குருவி எனக்கு. கொத்துவதற்கு ஒன்றும் இல்லாமல் குருவி வெறும் காற்றில் வாயைத் திறந்துகொண்டிருந்தது.

இரண்டு நாள் பொறுத்துப் பார்த்தேன். பிறகு பொறுக்க ஏலாமல் அவள் நிற்கிற வீட்டுக்குத் தனியப் போனேன். வழி முழுக்க என்ன சொல்வது என்று சொல்லிப் பழகிக்கொண்டு போனேன். படலையைத் திறந்தவுடன் அவள் சிரித்துக்கொண்டு வந்தாள்.

"வாங்கோ அன்ரி, இருங்கோ. இன்னும் கொஞ்சப் பேர் வருவினம் எண்டு அம்மா சொன்னவ."

எனக்கு விளங்கவில்லை. உள்ளே போய் ஒரு பையை எடுத்துவந்து மடியில் வைத்தாள். வாசச் சவர்க்காரம், சொக்கிளேற், அவள் போட்டுக் கழித்த ஒரு கம்பளிச் சட்டை. இந்த வெயிலுக்குக் கம்பளிச் சட்டை! உதவி கேட்டு வந்தவள் என்று நினைத்துவிட்டாள். என் வாயிலிருந்து வந்தது "பெரிய நன்றி, பிள்ளை" என்பது மட்டும். பையைத் தூக்கிக்கொண்டு வந்தேன்.

"கேட்டீரோ?" என்றாள் மச்சாள்.

"இல்லை."

"பின்னை என்ன கதைச்சனீங்கள்?"

"சவர்க்காரம் தந்தவ."

மச்சாள் சிரித்துச் சிரித்துச் சொக்கிளேற்றைப் பிரித்துத் தின்றாள். தின்றுகொண்டே, "நாளைக்கு நான் வாறன். உம்மை விட்டால் வீட்டையும் எழுதிக் குடுத்திட்டு வருவீர்" என்றாள்.

அடுத்தநாள் இரண்டு பேரும் போனோம். லண்டன் என்றால் மச்சாளுக்கு முதுகு தானாக வளையும். வாசலிலேயே, "பிள்ளை, சுகமோ? மெலிஞ்சு போனீங்கள்" என்று தொடங்கினாள். அவள் மெலியவில்லை. ஒருவழியாக மச்சாள் ஏலத்துச் சாமானுக்கு வந்தாள்.

"ஆ, அதுவோ?" என்றாள் லண்டன்காரி. "யாழ்ப்பாணத்தில நகை செய்யிற பத்தரிட்டைக் குடுத்துப் பாத்தனான். உரைச்சுப் பாத்திட்டு, தங்கமில்லை, பித்தளைக்கு முலாம் பூசினது எண்டிட்டார். அப்ப நான் என்ரை பெட்டியில கட்டி விட்டிட்டன். எயார்போட்டில அடையாளம் பிடிக்க."

மூலையில் நின்ற பெரிய பெட்டியின் கைபிடியில், ஒரு சிவப்புக் கம்பளி நூலில், பழக்குலை தொங்கிக்கொண்டிருந்தது. ஆட்டின் கழுத்தில் மணி கட்டிவிட்ட மாதிரி. எனக்கு வந்த ஆத்திரத்தில் வெக்கம் எங்கே போனது என்று தெரியவில்லை.

"அதை எனக்குத் தாங்கோ, பிள்ளை."

"எடுங்கோ அன்ரி, எடுங்கோ. எனக்கெதுக்கு?" நூலை வெட்டி என் கையில் தந்தாள்.

பின்பக்கத்தில் பத்தர் உரைத்த கீறல் ஒன்று இருந்தது. ஊசி நுனியைச் செருகுகிற துளை அப்படியே இருந்தது. வீட்டுக்குப் போகும்வரை பொறுத்திருக்கலாம். பொறுக்க முடியவில்லை. மடிக்குள்ளிருந்து குருவியை எடுத்து, சேலைத் தலைப்பில் ஊசியை ஓட்டி, நுனியில் பழக்குலையைச் செருகினேன். "டிக்" என்று ஒரு சின்னச் சத்தம். குருவி பழத்தை நோக்கிப் பறந்தது.

அவள் குனிந்து பார்த்தாள். கறுப்புக் கண்ணாடி தலையிலிருந்து வழுக்கி மூக்கில் விழுந்தது.

"ஐயோ, ரெண்டும் ஒண்டோ! எவ்வளவு வடிவாக் கிடக்கு! அன்ரி, அப்ப அதையும் எனக்கே தாங்கோவன். அங்கை உப்பிடிப் பழஞ்சாமானுக்குச் சரியான மதிப்பு. உங்களுக்கு வேற ஏதும் நான் தாறன்."

பார்த்தீர்களா? பத்தர் பித்தளை என்றபோது பெட்டிக்கு மணி. லண்டனில் மதிப்பு என்று நினைவு வந்தவுடன் வடிவு. நடுவில் அந்தக் குருவிக்கும் பழத்துக்கும் ஒரு மாற்றமும் நடக்கவில்லை.

"அதுக்கென்ன, குடும் மச்சாள்" என்றாள் மச்சாள். "பிள்ளை ஆசைப்பட்டுக் கேக்குது. உமக்கு உது எங்கை போட!"

இரண்டு பேரும் என் சேலைத் தலைப்பைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். லண்டன்காரி கையையும் நீட்டிவிட்டாள். பார்த்தால் பார்க்கட்டும் என்று தலைப்பைச் சுருட்டி நெஞ்சோடு பிடித்துக்கொண்டேன்.

"தரமாட்டன்."

சத்தமாகச் சொல்லிவிட்டேன் போலிருக்கிறது. அடுப்படியிலிருந்து அவளுடைய தாய் எட்டிப் பார்த்தாள்.

லண்டன்காரி, சின்னப்பிள்ளை அடம்பிடித்தால் சிரிப்பார்களே, அப்படிச் சிரித்தாள். "சரி, சரி, வைச்சிருங்கோ அன்ரி. ஒரு ஃபோட்டோ எடுக்கட்டோ?" என்று போனை நீட்டினாள். நான் தலைப்பைத் திறக்கவில்லை. என் கைமுட்டியைத்தான் அவள் படம் எடுத்தாள். லண்டனில் யாருக்குக் காட்டப்போகிறாளோ.

ஒழுங்கையில் இறங்கிய பிறகும் மச்சாள் ஆறவில்லை.

"எங்களை என்னெண்டு நினைப்பினம்? சவர்க்காரத்தையும் வேண்டிக்கொண்டு, கேட்ட சாமானைக் குடுக்காமல் வாறம். அந்தப் பிள்ளை எவ்வளவு ஆசையாக் கேட்டது!"

"ஆசை இப்பதானே வந்தது."

"அப்ப நீராவது இனிக் கோயிலுக்குக் குத்திக்கொண்டு வருவீரோ?"

"மாட்டன்."

மச்சாள் நடுவழியில் நின்றுவிட்டாள். "கோயிலுக்கும் போடமாட்டீர், விக்கவும் மாட்டீர், பித்தளை வேற. பின்னை எதுக்கு உமக்கு?"

"பாக்கிறதுக்கு."

"பாக்கிறதுக்கோ?" என்றாள். சேலையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு எனக்கு முன்னாலே விறுவிறென்று நடந்தாள். பார்ப்பதற்கென்றே ஒரு சாமானை ஒருத்தி வைத்திருக்கலாம் என்பது மச்சாளுக்கு விளங்க இன்னொரு பிறவி வேண்டும். எங்கள் சமயத்தில் அதுவும் இல்லை.