டேப்லெட் காட்டிய மதிப்பெண்ணை நம்பினேன்

ஏற்காடு மலையில், மஞ்சக்குட்டை பக்கமுள்ள ஒரு தொடக்கப்பள்ளியில் நான் ஆசிரியை. மூன்றாம் வகுப்புக்கு டேப்லெட் வந்ததிலிருந்து பவித்ரா எல்லாப் பயிற்சியிலும் முழு மதிப்பெண் வாங்கினாள். எஸ்டேட்டில் வேலை செய்யும் அவள் அம்மாவிடம், "பாப்பா நல்லாப் படிக்குதுங்க" என்று பெருமையாகச் சொன்னேன். அந்த அம்மாவுக்கு எழுதப் படிக்கத் தெரியாது.

ஒரு வாரம் கழித்து அவர் கைக்குழந்தையோடு பள்ளிக்கு வந்தார். குழந்தைக்குக் கொடுத்த இரண்டு மருந்து பாட்டில்களில் 'குடிக்க', 'காதுக்கு' என்று நர்ஸ் எழுதியிருக்கிறார். அம்மா படிக்கச் சொன்னதும் பவித்ரா காது மருந்தைக் காட்டி, இதுதான் குடிக்க என்றிருக்கிறாள். வாயருகே கொண்டுபோன நேரத்தில் பக்கத்து வீட்டுக்காரர் பார்த்துத் தடுத்திருக்கிறார்.

"ஏனுங்க டீச்சர், நல்லாப் படிக்குதுன்னு நீங்கதானுங்களே சொன்னீங்க?"

பவித்ராவை அழைத்து, டேப்லெட்டின் சத்தத்தை நிறுத்திவிட்டு, "படி கண்ணு" என்றேன். விழித்தாள்.

"அது பேசுனாத்தானுங்க டீச்சர் எனக்குத் தெரியும்" என்று அழுதாள். அது வாசித்துக் காட்டும் கேள்வியையும் விடைகளையும் காதால் கேட்டே இத்தனை நாளும் விடையைத் தொட்டிருக்கிறாள்.

இப்போது டேப்லெட்டைக் கொடுக்கும் முன் ஒவ்வொரு பிள்ளையையும் புத்தகத்தில் நாலு வரி வாசிக்கச் சொல்லிக் கேட்கிறேன். பவித்ரா இன்னும் எழுத்துக் கூட்டித்தான் படிக்கிறாள். அவள் அம்மாவிடம் அதை அப்படியே சொல்லிவிட்டேன்.