பின் சீற்றில் நாற்பத்தொரு கிலோ

இது இட்டுக்கட்டிய கதையில்லை. குருநகர் செபநாயகத்துக்குப் போன மார்கழியில் நடந்தது. அவர் இன்னும் அதே காரைத்தான் ஓட்டுகிறார். நம்பாதவர்கள் அவரையே கேட்கலாம். ஆனால் காருக்குள் வைத்துக் கேட்காதீர்கள். காருக்குள் அவர் வாய் திறப்பதில்லை.

செபநாயகத்துக்கு ஐம்பத்தெட்டு வயது. ஒன்பது வருடத்துக்கு முன் யாரோ ஓட்டிவிட்டு விற்ற ஒரு வெள்ளைக் காரை வாங்கி, வாடகைக்கு ஓட்டிச் சீவிக்கிறவர். "எங்கை போறாய்? எங்கையிருந்து வாறாய்?" என்ற கேள்விக்கு போர்க்காலத்து வீதித் தடைகளில் நின்று பதில் சொல்லிச் சொல்லியே பாதி ஆயுளைக் கழித்தவர். தடைகள் எடுபட்ட பிறகு அந்தக் காருக்குள்தான் அவருக்குக் கொஞ்சம் ஆறுதல். தனியே ஓடும்போது சத்தமாகப் பாடுவார். நினைத்தவரையெல்லாம் திட்டுவார். கேட்க ஒருவருமில்லை.

பிறகு பெட்டி வந்தது.

வாடகை வாகனங்கள் எல்லாவற்றுக்கும் கண்காணிப்புப் பெட்டி கட்டாயம் என்றது அரசாங்கம். கார் எங்கே நிற்கிறது, என்ன வேகம், எந்தச் சீற்றில் ஆள் இருக்கிறது... எல்லாம் யாழ்ப்பாணத்தில் ஓர் அறையிலிருப்பவர்களுக்குத் தெரியும். அங்கிருந்தபடியே எஞ்சினை நிறுத்தலாம். பெட்டிக்குள்ளால் கதைக்கலாம். காருக்குள் கதைப்பதும் அவர்களுக்குக் கேட்கும்.

ஒரு ஞாயிறு, பூசை முடிந்து தொண்டைமானாற்றுக் கடற்கரையில் ஒரு மணித்தியாலம் இருந்துவிட்டு வந்தார். மறுநாள் போனில் ஒரு கேள்வி. வாகனத்தை நிறுத்திய காரணம் என்ன? பழுது, விபத்து, சுகயீனம், பயணி. இதில் ஒன்றை அழுத்த வேண்டும். 'சும்மா' என்று ஒன்று அதில் இல்லை. சுகயீனம் என்று அழுத்தினார். அன்றோடு பாட்டும் நின்றது. சண்டை பிடிக்க அவருக்குத் தெம்பில்லை.

அது நடந்தது ஒரு செவ்வாய்க்கிழமை. கொடிகாமத்தில் ஒரு மரக்கறி வியாபாரியை இறக்கிவிட்டு, 4.40க்கு வெறுங்காராகத் திரும்பினார். யாழ்ப்பாணத்தில் ஆஸ்பத்திரி வாசலில் றஜனி காத்திருப்பாள். அவருடைய நிரந்தரப் பயணி, முப்பத்திரண்டு வயது. சிறுநீரகம் பழுது. கிழமையில் மூன்று நாள் இரத்தம் சுத்திகரிக்கிறார்கள். முடிந்து வரும்போது நிற்கவே சீவன் இருக்காது. ஆறு மணிக்கு முன் போய் ஏற்றி, பண்டத்தரிப்பில் வீட்டில் விடவேண்டும்.

சாவகச்சேரியைத் தாண்டும்போது மணி சரியாக 5.00.

டிங்.

பின் சீற்றிலும் பெல்ட் கட்டாயம், மாலை ஐந்து மணியிலிருந்து அமுல் என்று காலையில் தகவல் வந்திருந்தது. அதுதான் சோதிக்கிறார்களாக்கும் என்று நினைத்தார்.

டிங்... டிங்...

5.08க்குப் பெட்டி கதைத்தது.

"ஐயா, நான் கோபிகா. கண்ட்றோல் றூமிலையிருந்து கதைக்கிறன். பின்னுக்கு இடப்பக்கம் இருக்கிற ஆள் பெல்ட் போடேல்லை."

"பின்னுக்கு ஆருமில்லை, பிள்ளை."

"இருக்கினம், ஐயா."

திரும்பிப் பார்த்தார். வெறும் சீற்.

"சாமான் ஏதும் வைச்சிருக்கிறியளோ?"

"ஒண்டும் இல்லை."

பெட்டிக்குள்ளால் கீபோர்ட் தட்டுகிற சத்தம் கேட்டது.

"சாமான் எண்டால் அசையாது, ஐயா. இது அசையுது. நாப்பத்தொரு கிலோ." பிறகு மெதுவாகச் சொன்னாள். "இப்ப... முன்னுக்குச் சரியுது."

செபநாயகம் ஸ்டியரிங்கோடு ஒட்டிக்கொண்டார்.

5.11க்கு எஞ்சின் நின்றது. கார் தானாக ஓரம் உருண்டு நின்றது. கைதடி தாண்டி, நாவற்குழிக்கு முன். இரண்டு பக்கமும் வெறும் வெளி. மழைத் தண்ணீர் தேங்கிக் கிடந்தது. வெளிச்சம் இருந்தது. பஸ்கள் ஹோர்ன் அடித்தபடி போய்க்கொண்டிருந்தன.

"பிள்ளை, ஏன் நிப்பாட்டினனீ?"

"நான் நிப்பாட்டேல்லை, ஐயா. மூண்டு தரம் எச்சரிச்சால் அது தானா நிப்பாட்டும். பெல்ட்டைப் போட்டால்தான் ஸ்டார்ட் ஆகும்."

"வேறை வழி?"

"இல்லை, ஐயா."

காரை அப்படியே விட்டுவிட்டு ஒரு பஸ்ஸில் ஏறிவிடலாம் என்று கதவைத் திறந்தார். போன் அடித்தது. றஜனி.

"அண்ணை... வாறியளோ? இருக்கேலாமல் கிடக்கு."

"வாறன், பிள்ளை."

இறங்கினார். பின் கதவைத் திறந்தார்.

சீற்றில் ஒன்றும் இல்லை.

குனிந்து பெல்ட்டைப் பிடித்து இழுத்தார். வெறும் சீற்றுக்குக் கொஞ்சம் இழுத்தால் போதும். அது வந்தது... இன்னும் வந்தது...

க்ளிக்.

கையை எடுத்தார்.

பெல்ட் சீற்றில் படியவில்லை. ஒரு சாண் முன்னால், வளைந்தபடி நின்றது.

மெல்ல உயர்ந்தது.

தாழ்ந்தது.

உயர்ந்தது...

"சரி, ஐயா," என்றது பெட்டி. "பச்சை வந்திட்டுது."

அதன் பிறகு நாவற்குழிப் பாலம் வந்ததும் அரியாலை வந்ததும் அவருக்கு நினைவில்லை. பின்னால் பார்க்கும் கண்ணாடியை முகட்டுக்குத் திருப்பிவிட்டு, செபமாலை சொல்லிக்கொண்டே ஓடினார். பின்னாலிருந்து ஒரு சத்தமும் இல்லை.

5.49க்கு ஆஸ்பத்திரி. றஜனி தள்ளாடி வந்து, படுத்துக்கொண்டு போகப் பின் கதவில் கை வைத்தாள்.

"முன்னுக்கு ஏறு!"

அவர் கத்தியதைக் கேட்டு அவள் பயந்துபோனாள். ஆனாலும் ஏன் என்று கேட்கவில்லை. கேட்கிற நிலையிலும் அவள் இல்லை. பண்டத்தரிப்பில் அவளை இறக்கி, காரையும் அவள் வீட்டு வாசலில் விட்டுவிட்டு, பஸ்ஸில் வீடு போய்ச் சேர்ந்தார். மனைவி மார்கிரட்டிடம் கார் பழுது என்று மட்டும் சொன்னார்.

மறுநாள் காலை வெளிச்சம் ஏறியபின் காரை எடுத்துக்கொண்டு நேரே பெட்டியைக் கண்காணிக்கிற அலுவலகத்துக்குப் போனார். மாடிப்படி ஏறவே அலுப்பாக இருந்தது. கோபிகா இருபத்துநாலு வயதுப் பிள்ளை. கண் வீங்கியிருந்தது. அவளும் நித்திரை கொள்ளவில்லை.

"பெட்டி பிழை போலை. கழட்டித் தா, பிள்ளை."

"கழட்டினால் வாடகைக்கு ஓட விடமாட்டினம், ஐயா. விடியவே இஞ்சையிருந்து சோதிச்சுப் பாத்தனாங்கள். பெட்டி சரி."

"அப்ப அது என்ன?"

அவள் திரையை அவர் பக்கம் திருப்பினாள். "கார் கீழைதானே நிக்குது?"

"ஓம். பூட்டிப்போட்டு வந்தனான்." திறப்பு அவர் கையில் இருந்தது.

திரையில் சீற்றுக்கு ஒன்றாக ஐந்து சதுரங்கள். நான்கு கறுப்பு, ஆளில்லை. பின்பக்கம், இடப்புறம்... பச்சை.

செபநாயகம் கதிரையில் இருந்துவிட்டார். பிறகு கேட்டார்.

"எங்கை ஏறினது?"

"நானும் இரவிரவாத் தேடினனான், ஐயா. வேறை ஆக்கள் அந்தச் சீற்றிலை ஏறினால் பாரம் கூடுது. அவை இறங்கினால் திரும்ப நாப்பத்தொண்டு. ஒரு நாளும் அதுக்குக் கீழை போகேல்லை."

"முதல் நாள்?"

"பெட்டியைக் காரிலை பூட்டின அண்டு காலமை, 10.12. அதுதான் முதல் பதிவு. அப்பவே ஆள் இருந்திருக்கு."

"அதுக்கு முந்தி?"

கோபிகா திரையை அணைத்தாள்.

"தெரியாது, ஐயா. அப்ப உங்கடை காரை ஆரும் பாக்கேல்லைத்தானே."