செல்வி அக்கா சொன்னதில் பாதி

செல்வி அக்கா காலையில் மாரடைப்பில் போய்விட்டதாக அவருடைய மகள் தொலைபேசியில் பர்மியத்தில் சொன்னாள். வருகிறேன் என்றேன்.

பர்மாவில், தாகேதா பகுதியில் இருந்த எங்கள் இலவசக் காசநோய் மருந்தகத்துக்கு வந்துபோன நோயாளிகளுக்கு அவர், பெரிய பெண்களைப் பர்மியத்தில் மரியாதையாக அழைப்பதுபோல், டோ செல்வி. அங்கே அவர் தாதி, நான் மொழிபெயர்ப்பாளன். மாத்திரையைக் கொடுத்துவிட்டு, விழுங்கும்வரை எதிரிலேயே நிற்பார். "வாயத் தொறங்க, நாக்கத் தூக்குங்க" என்று பெரியவர்களையும் அதட்டுவார்.

ராணுவம் ஆட்சியைப் பிடித்த பிறகு, மருந்தகத்துக்கு உதவிய வெளிநாட்டு அமைப்பிலிருந்து இருவர் வந்தார்கள். உதவியை நிறுத்தினால் ஆட்சியாளர்கள் இறங்கிவருவார்களா என்று கேட்டார்கள். அக்கா பர்மியத்தில் பதில் சொன்னார்: "ராணுவத்துக்குப் போவது எல்லாவற்றையும் நிறுத்துங்கள். ஆனால் இந்த மாத்திரை அவர்களுக்குப் போகவில்லை. நோயாளியின் வாய்க்குப் போகிறது."

நான் முதல் வாக்கியத்தை மட்டும் ஆங்கிலத்தில் சொன்னேன். மறதி இல்லை. வெளியுலகம் எல்லாப் பக்கமும் இறுக்கினால்தான் ஜனநாயகம் திரும்பும் என்று அப்போது நம்பினேன். மீதியைச் சொன்னால் அந்த இறுக்கம் தளர்ந்துவிடும் என்று, தெரிந்தே விட்டுவிட்டேன்.

சில மாதங்களில் உதவி நின்றது, மருந்தகம் மூடப்பட்டது. மிச்சமிருந்த மாத்திரைகளோடு அக்கா வீடு வீடாக நடந்தார். அவை தீர்ந்த பிறகும் நடந்தார். ஒருநாள் நானும் கூடப் போனேன். மூட்டை தூக்கும் ஒருவர், பாதியில் மருந்து நின்றுபோனவர், பாயில் எலும்பும் தோலுமாகக் கிடந்தார். அவர் மனைவி, "மருந்து கொண்டாந்தீங்களா அக்கா?" என்று கேட்டாள்.

"இல்லம்மா. பாக்கத்தான் வந்தேன்."

திரும்பும் வழியில் என்னால் தாங்க முடியவில்லை. "அக்கா, அன்னிக்கு நீங்க சொன்னத நான் முழுசாச் சொல்லல."

"தெரியும் தம்பி. அவ்வளவு இங்கிலீஷ் எனக்கும் புரியும்."

"அப்பவே சொல்லியிருக்கலாமே?"

"வந்தவங்க முன்னால ஒங்கள பொய்யனாக்கவா?" என்று கேட்டார். பிறகு, "நீங்க சொல்லியிருந்தாலும் மூடியிருப்பாங்க. ஆனா அது என் பேச்சு. அத வெட்ட ஒங்களுக்கு யாரு உரிமை குடுத்தது?" என்றார். குரலில் கோபம் இல்லை. கோபப்பட்டிருந்தால் மன்னிப்பாவது கேட்டிருப்பேன்.

ராணுவம் இன்னும் இறங்கிவரவில்லை. அவர்களுக்குத் தடை வேண்டும் என்றே இன்றும் நினைக்கிறேன். அக்காவும் அதைத்தான் சொன்னார். அதோடு நிறுத்தவில்லை, அவ்வளவுதான்.

அவர் கேட்ட அந்தக் கேள்வி என்னோடு இருக்கிறது. இப்போதெல்லாம் மொழிபெயர்த்து முடித்ததும், பேசியவரிடம் திருப்பிச் சொல்லிக் காட்டி, "எதையாவது விட்டுட்டேனா?" என்று கேட்கிறேன். முன்பின் தெரியாதவர்களிடமெல்லாம் கேட்கிறேன்.