குளக்கரையில் உடைந்த குட்டு

ஊருக்குள் அவளைப் பிரேக் டீச்சர் என்றால்தான் தெரியும். கார் ஓட்டக் கற்றுக்கொடுப்பது வேலை. பயிற்சிக் காரில் அவள் உட்காரும் பக்கத்திலும் ஒரு பிரேக் உண்டு. பழக வந்தவர் முன்னால் நிற்கும் பேருந்தின் முதுகில் போய் முட்டப்போகிற நேரத்தில், சத்தமில்லாமல் அதை மிதித்து வண்டியை நிறுத்திவிடுவாள். பிறகு முகத்தைச் சாதுவாக வைத்துக்கொண்டு, "பாத்தீங்களா, கரெக்டா நீங்களே பிரேக் போட்டுட்டீங்க" என்பாள். அவருக்குத் தலைகால் புரியாது. இப்படி வாய் கூசாமல் பொய் சொல்லியே பாதி ஊரை ஓட்டுநராக்கியிருந்தாள்.

வீட்டில்தான் யாரையும் அசைக்க முடியவில்லை. கணவன் கைப்பேசி பழுது பார்ப்பவன். நாள் முழுக்கப் பூதக்கண்ணாடிக்குக் கீழே குனிந்தே கிடப்பான். நாத்தனாருக்கு வங்கியில் கவுண்டர் வேலை. மாமனார் ஓய்வுபெற்ற பஸ் டிரைவர். பஸ்ஸை விட்டு இறங்கியவர் நேரே சோபாவில் ஏறியவர்தான், அதன்பிறகு இறங்கவேயில்லை. அந்த வீட்டில் ஓடுவது சுவர்க் கடிகாரம் ஒன்றுதான். தினமும் நடக்கச் சொன்ன டாக்டரிடம், "நீங்க நடக்கறீங்களா?" என்று கேட்டு அவர் வாயையே அடைத்துவிட்டு வந்தார் மாமனார்.

ஊரை ஒட்டி ஒரு சின்ன மலை இருந்தது. கைக்குழந்தையோடுகூட ஏறலாம், அவ்வளவு சுலபமான பாதை. பாதி வழியில் ஒரு குளம். உச்சிக்குப் போனால் நீர்த்தேக்கம் முழுவதும் கண்ணுக்குக் கீழே விரியும். 'நடக்கலாம் வாங்க' என்றால் ஒருவரும் வரமாட்டார்கள் என்று அவளுக்குத் தெரியும். அதனால் ஆளுக்கொரு பொய்யைத் தயார் செய்தாள்.

மாமனாரிடம், குளத்தில் கை நீளத்துக்கு மீன் துள்ளுகிறது என்றாள். நாத்தனாரிடம், மேலே புதிதாக ஒரு காப்பிக் கடை வந்திருக்கிறது, போட்டோ எடுக்க அதைவிட நல்ல இடம் கிடையாது என்றாள். கணவனிடம் மட்டும் குரலைத் தாழ்த்தி, "மாமா ரொம்ப நாளா ஆசைப்படறாருங்க. வாய விட்டுக் கேக்க மாட்டேங்கறாரு" என்றாள். மூன்று பேரிடமும், "மத்தவங்ககிட்ட மூச்சு விடாதீங்க" என்று சொல்லிவைத்தாள்.

ஞாயிற்றுக்கிழமை காலை, மலையடிவாரத்தில் காரை நிறுத்தினாள். மாமனார் போர்வையில் சுற்றி எதையோ தூக்கிக்கொண்டு இறங்கினார். நாத்தனார் குதிகால் உயர்ந்த செருப்போடு இறங்கினாள். அப்போதே ஏதோ உறுத்தினாலும், வாக்குக் கொடுத்துவிட்டதால் யாரும் வாய் திறக்கவில்லை.

குளம் வரைக்கும் எல்லாம் நல்லபடியாகவே போயிற்று. அங்கே மாமனார் போர்வையைப் பிரித்துத் தூண்டிலை எடுத்தார். அவருக்கு நேரெதிரே, மீன் பிடிக்கத் தடை என்று எழுதிய பலகை நின்றது. தண்ணீரில் இருந்ததும் தவளைகள்தான்.

"நீங்க ஆசைப்பட்டீங்கன்னு கடைய மூடிட்டு வந்தேம்பா. தூண்டில் எதுக்கு?" என்றான் மகன்.

"நான் எப்படா ஆசைப்பட்டேன்?"

"காப்பிக் கடை எங்க அண்ணி?" என்றாள் நாத்தனார்.

மூவரும் ஒருவரையொருவர் பார்த்தார்கள். பிறகு சேர்ந்தாற்போல் அவளைப் பார்த்தார்கள். அவள் குனிந்து, அவிழாத ஷூ கயிற்றை மும்முரமாகக் கட்டிக்கொண்டிருந்தாள்.

"இன்னும் கொஞ்சம் ஏறினா நீர்த்தேக்கம் தெரியும் மாமா" என்றாள், தலையைத் தூக்காமலே. "அதுவாவது நிஜம்."

திரும்பிப் போவதென்று மூவரும் முடிவெடுத்த நேரத்தில், ஒரு தம்பதி வாண்டுப் பெண் ஒருத்தியோடு அவர்களைக் கடந்தார்கள். அது தத்தித் தத்தி நடந்து, மாமனாரைத் திரும்பிப் பார்த்துச் சிரித்துவிட்டுப் போயிற்று. அவருக்குச் சுருக்கென்றது. தூண்டிலை ஊன்றுகோலாக்கிக்கொண்டு மேலே ஏறத் தொடங்கினார். நாத்தனார் செருப்பைக் கழற்றி அண்ணன் கையில் திணித்தாள்.

உச்சியை எட்டினார்கள். நீர்த்தேக்கம் மலை மடிப்புகளுக்குள் புகுந்து புகுந்து நீண்டு கிடந்தது. தூரத்து அணை மேல் ஒரு லாரி எறும்பு போல ஊர்ந்தது. பிரேக் டீச்சருக்குப் பெருமை தாங்கவில்லை. பாறை மேல் ஏறி நின்று போட்டோ எடுத்துக்கொண்டே இருந்தாள். இறங்கிப் பார்த்தால் மூவரையும் காணோம்.

வாண்டின் அப்பாதான் அவளிடம் வந்தார். "உங்க வீட்டுப் பெரியவருக்கு முட்டி பிடிச்சிக்கிச்சாம். ரெண்டு பேரும் தாங்கிக் கூட்டிட்டுப் போனாங்க."

அவள் வந்த வழியே ஓடினாள். டாக்டருக்கு என்ன பதில் சொல்வது, அந்த மனுஷனை எதற்காக இழுத்துக்கொண்டு வந்தோம் என்று தன்னையே திட்டிக்கொண்டு ஓடினாள். மூச்சிரைக்கக் குளக்கரையை எட்டியபோது மூவரும் தண்ணீரில் காலை விட்டு வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். நடுவில் அவள் கட்டி எடுத்து வந்திருந்த சாப்பாட்டுப் பை. அவள் பங்கு முட்டையின் ஓட்டை மாமனார் நிதானமாக உரித்துக்கொண்டிருந்தார்.

"முட்டி... முட்டி எப்படி இருக்கு மாமா?"

"எந்த முட்டிம்மா?" என்றார் அவர். வாய் நிறைய முட்டை.

கணவன் குளத்தைப் பார்த்துத் திரும்பிக்கொண்டான். அவன் தோள் குலுங்கியது. அவளுக்குக் கோபம் வந்தது, அழுகை வந்தது, கடைசியில் அவர்கள் பக்கத்திலேயே தொப்பென்று உட்கார்ந்தாள். நாத்தனார் மீதியிருந்த ரொட்டியை அவள் பக்கம் நகர்த்தினாள்.

"இறங்கறப்போ அப்பா எங்க ரெண்டு பேருக்கும் முன்னாடி ஓடினார் அண்ணி. நீங்க பாத்திருக்கணும்."

காரில் வீடு திரும்பினார்கள். எல்லாருக்கும் உடம்பு அடித்துப்போட்டது போல இருந்தது. திடீரென்று மாமனார், "இந்தப் பக்கம் வேற மலை ஏதாவது இருக்கா?" என்று கேட்டார்.

"ஒண்ணு இருக்கு மாமா. மலைன்னே சொல்ல முடியாது, ஒரே சமதரை."

யாரும் நம்பவில்லை. ஆனால், வரமாட்டோம் என்றும் சொல்லவில்லை. நாத்தனார் மட்டும் காலைத் தடவிக்கொண்டே, "போற வழியில ஷூ கடை ஏதாவது இருந்தா நிறுத்துங்க அண்ணி" என்றாள்.

"அடுத்த திருப்பத்துலயே இருக்கு."

"நிஜமாவா?" என்று நாத்தனார் அண்ணனைக் கேட்டாள்.