துரியன் பழத்துக்கு எந்த மெஷின்?

தென்காசியில் ஏதாவது ஒரு வீட்டு அடுக்களையில் ஜூஸர் தூசி படிந்து கிடந்தால், அதை விற்ற புண்ணியவான் பெரும்பாலும் நான்தான். பெயர் குற்றாலீஸ்வரன். ரத வீதிப் பக்கம் ஒரு வீட்டு உபயோகப் பொருள் கடையில் விற்பனையாளன். சுகர் இருக்கிறவர், தொந்தி குறைக்கிறவர், மருமகள் சொல்லி வந்தவர், யார் வந்தாலும் ஒரே பிரசங்கம்தான். "அண்ணாச்சி, ஜூஸர்னா சாறு தனி, சக்கை தனியாப் போயிரும். பிளெண்டர்னா பழம் முழுசா உள்ள போவும். உங்க உடம்பு என்ன கேக்குதுன்னு மொதல்ல பாருங்க." டாக்டர் கெட்டார், அப்படி ஒரு குரல். பிளஸ் டூவில் உயிரியலில் தேறாமல் கடைக்கு வந்து சேர்ந்தவன் என்று சட்டைப் பையிலா எழுதி ஒட்டியிருக்கிறது? என் வீட்டில் இருந்ததோ கல்யாணச் சீராக வந்த பழைய மிக்ஸி.

எனக்கும் ஜெயசித்ராவுக்கும் கல்யாணமாகி ஏழு வருஷம். பிள்ளை இல்லை. குற்றாலத்தில் சாரல் விழுந்து, பழக்கடைகளில் துரியன் பழம் வந்ததோ இல்லையோ, வடகரையிலிருந்து உலகம்மை அக்கா ஒரு பழத்தை வாங்கிக்கொண்டு கிளம்பிவிடுவாள். என் கூடப்பிறந்த மூத்தவள். அதைத் தின்றால் பிள்ளை தங்கும் என்பது எங்கள் பக்கத்து நம்பிக்கை. விலையைக் கேட்டால் நேராக அருவிக்குள் போய்த் தலையைக் கொடுக்கத் தோன்றும். வாடை அதற்கு மேல். முள் தோலைப் பிளந்தால் மூன்றாவது வீட்டுக்காரர் போய் கேஸ் சிலிண்டரைப் பார்ப்பார்.

சித்ரா கண்ணை மூடிக்கொண்டு சுளை சுளையாக விழுங்குவாள். அன்று முழுக்க அவளுக்குச் சோறு இறங்காது. இந்த வருஷம் எனக்கு மனசு கேட்கவில்லை. கேட்காத மனசு உருப்படியாக எதையாவது செய்யும் என்று பார்த்தால், அது நேராகக் கடையில் இருந்த மெஷின்கள் பக்கம் போனது.

சாறாகப் பிழிந்து கொடுத்தால் ஒரே மடக்கில் போய்விடுமே! டெமோவுக்கு வைத்திருந்த ஜூஸரை முதலாளியிடம் கெஞ்சி வாங்கி வந்தேன். துரியன் சுளையில் சாறு ஏது? அது வெண்ணெய் மாதிரி குழைந்து சல்லடையை அடைத்துக்கொண்டது. மோட்டார் அலறியது. மூடி தெறித்து, பாதி சுளை சுவரில் அப்பிக்கொண்டது. சாறு வர வேண்டிய குழாயில் ஒரு பொட்டுகூட வரவில்லை. வருஷக்கணக்காக அதே ஜூஸரைப் பிரித்துப் பிரித்துக் காட்டிய மேதை நான்.

"ஊருக்கெல்லாம் கிளாஸ் எடுக்கீங்க," என்றபடி சித்ரா சுவரைத் துடைத்தாள்.

தோல்வியை ஒத்துக்கொள்கிற ஆளா நான்? மறுநாள் பிளெண்டர் வந்தது. மிச்சப் பழம், பால், கருப்பட்டி, ஏலக்காய் இரண்டு. அடடா, என்ன பதம்! டம்ளர் நிறைய ஊற்றி, ஏதோ நானே பிள்ளை பெற்றுவிட்ட பெருமையோடு நீட்டினேன்.

"குடி சித்ரா. ஒரே மடக்கு."

அவள் இன்னொரு டம்ளரை எடுத்து, பாதியை அதில் ஊற்றி என் முன்னால் வைத்தாள். "நீங்களும் குடிங்க."

"எனக்கெதுக்கு?"

"ஏன், பிள்ளை எனக்கு மட்டுமா?"

ஆம்பளை ரோஷம் வந்து ஒரு மடக்கு குடித்தேன்.  வாஷ்பேசினுக்கு ஓடித் துப்பிவிட்டு, வாயைத் துடைத்துக்கொண்டு திரும்பினேன். சிரிப்பாள் என்று நினைத்தேன். சிரிக்கவில்லை.

"வருஷா வருஷம் திங்கேன். ஊசி, ஸ்கேன் எல்லாம் பாத்தாச்சு. எனக்கு ஒண்ணுமில்லன்னு திருநெல்வேலி டாக்டரம்மா சொல்லி ரெண்டு வருஷம் ஆச்சு. அடுத்து உங்களத்தான் வரச் சொன்னாங்க. சீசன்ங்கீங்க, தீவாளி ஆஃபர்ங்கீங்க, ஸ்டாக் எடுக்கணும்ங்கீங்க. ஜூஸரா பிளெண்டரான்னு இந்த ரெண்டு நாளும் மண்டைய ஒடச்சீங்களே, ஒருநாள் எங்கூட அங்கன வர மாட்டீங்களா?"

 துரியன் ஏப்பம் ஒன்று வந்தது. ஸ்டாக்காவது மண்ணாவது! குறை என்னிடம்தான் என்று ஒரு டாக்டர் சொல்லிவிட்டால் அக்கா முகத்தில் எப்படி முழிப்பது என்ற பயம். என் பயத்துக்காகச் சித்ராவைத் துரியன் தின்ன வைத்திருக்கிறேன். வெட்கமாக இருந்தது. அப்போதே டாக்டரம்மாவுக்குப் போன் போட்டு, திங்கட்கிழமைக்கு நேரம் வாங்கினேன்.

ஞாயிற்றுக்கிழமை அக்கா அடுத்த பழத்தோடு வந்து நின்றாள். "ஏட்டி சித்ரா, இது நல்லாப் பழுத்தது. மிச்சம் வைக்காமத் தின்னணும், கேட்டியா?"

சித்ரா பழத்தைக் கையில் வாங்கிக்கொண்டு என்னைப் பார்த்தாள். நான் இருவருக்கும் நடுவில் போய் நின்றேன்.

"அக்கா, அவளுக்கு ஒரு கொறையும் இல்ல. டாக்டர் சொல்லி ரெண்டு வருஷம் ஆச்சு. நாந்தான் உங்கிட்ட மறைச்சுட்டேன். நாளைக்கு எனக்குத்தான் டெஸ்ட்."

 அக்கா திட்டியிருந்தால் தேவலை.

"ரெண்டு வருஷமா?" என்றாள். "அப்போ போன வருஷம் இந்தப் பிள்ள சும்மாவாலே தின்னா?"

என்னால் அக்காவை நிமிர்ந்து பார்க்க முடியவில்லை. அவள் சித்ராவின் கையிலிருந்து பழத்தை வாங்கி, அரிவாளால் பிளந்து என் முன்னால் வைத்தாள்.

"தின்னு."

"பிளெண்டர் இருக்குக்கா, கொஞ்சம் பால் விட்டு..."

"ஒரு மெஷினும் வேண்டாம். கையால எடுத்துத் தின்னுலே."

தின்றேன். சித்ரா எதிரே உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தாள். மூன்றாவது சுளையோடு எழுந்திருக்கப் பார்த்தேன்.

"இன்னும் இருக்கு," என்றாள் சித்ரா.